1877 முதல்

கல்லூரியில் பெயர் பதியப் போன அன்று ஆலோசகர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அமெரிக்க வரலாற்றில் எது வேண்டும்? 1877 வரையா, 1877 முதலா?"

எனக்கு இரண்டுமே வேண்டாம். நான் போனது கணக்கியல் படிக்க. விருதுநகரில் பி.காம். முடித்த கையோடு கல்யாணம், அப்புறம் விமானம், அப்புறம் வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் பல வருடம், பிள்ளைகள். மூத்தவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் செயின்ட் லூயிஸில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மிசௌரியில் அரசுக் கல்லூரி எதில் பட்டம் வாங்குவதானாலும் நாட்டின் அரசியலமைப்பையும் மாநிலத்தின் அரசியலமைப்பையும் படித்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தக் கட்டாயத்தைக் கழிக்க ஒரு வரலாற்றுப் பாடம் போதும் என்றார்கள். பக்கத்துக் காலமென்றால் சுலபமாக இருக்கும், கென்னடி, நிலா, வியட்நாம் என்று கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கிறதே என்று "1877 முதல்" என்றேன்.

கிளம்பும்போதுதான் தோன்றியது. அது என்ன 1877? 1900 என்றால் புரியும். உள்நாட்டுப் போர் முடிந்த 1865 என்றாலும் சரி. பள்ளியில் நாங்கள் படித்த வரலாறு 1857, 1885, 1919, 1947 என்று போகும். அந்த வருடங்கள் ஏன் என்று யாரையும் கேட்டதில்லை. மனப்பாடம் பண்ணினோம், எழுதினோம், மறந்தோம்.

முதல் வகுப்பில் பேராசிரியர் அதே கேள்வியைத்தான் பலகையில் எழுதினார். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பவர். காரின் பின்சீட்டில்தான் தன் அலுவலகம் இருக்கிறது என்பார். நாங்கள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகள். ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி, நான். யாருக்கும் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். 1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் சுமார் இரண்டரை லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கினார். ஆனால் அங்கே கணக்கு மாநிலத் தேர்வாளர்களை வைத்து. வெற்றிக்கு 185 வேண்டும், டில்டனிடம் 184. மீதி 20 வாக்குகள் தகராறில் மாட்டிக்கொண்டன. பதினைந்து பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். ஒவ்வொரு முறையும் 8-க்கு 7 என்று கட்சிவாரியாகப் பிரிந்து, இருபதையும் குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்ட் ஹேஸுக்கே கொடுத்துவிட்டது. 185-க்கு 184. டில்டன் தரப்பு வாயை மூடிக்கொண்டதற்குப் பேரம் இருந்தது. ஹேஸ் பதவியேற்ற அடுத்த மாதமே தென் கரோலினா, லூசியானா தலைமை இடங்களில் நின்ற ராணுவத்தினரை விலகச் சொன்னார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் வாக்களிக்கவும் பதவியில் உட்காரவும் காவலாக இருந்த கடைசிக் கை அது. போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் அத்தோடு முடிந்தது.

"ஆக, உங்கள் பாடம் ஒரு கைகழுவலில் தொடங்குகிறது" என்றார். வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் குறிப்பேட்டில் "1877 = பேரம்" என்று தமிழில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் அந்த வருடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அது எங்கள் ஊரிலேயே நடந்தது. ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் ரயில்வே கம்பெனி கூலியில் 10 விழுக்காடு வெட்டியதும் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். சில நாளில் பிட்ஸ்பர்க், சிகாகோ என்று பரவியது. செயின்ட் லூயிஸில் ரயில்வே மட்டும் நிற்கவில்லை, ஆலைகளும் நின்றன. ஏறத்தாழ ஒரு வாரம் ஊரே வேலைநிறுத்தக் குழுவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. ஒரு கூட்டத்தில் நதிப்படகுகளில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர் மேடையேறி, நிறம் பார்க்காமல் எங்களோடு நிற்பீர்களா என்று கேட்டிருக்கிறார். நிற்போம் என்று கூட்டம் கத்தியிருக்கிறது. படிக்கும்போது சிலிர்த்தது. அடுத்த பத்தியிலேயே அதே குழுவின் தலைவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள் கூடக் கூடப் பயந்துபோய்ப் பொதுக்கூட்டங்களை நிறுத்திவிட்டது வருகிறது. அப்புறம் ஹேஸ் ராணுவத்தை அனுப்பினார். தெற்கில் வாக்குரிமைக்குக் காவல் நிற்க ஏப்ரலில் இல்லாத ராணுவம், ரயில் கம்பெனிகளுக்குக் காவல் நிற்க ஜூலையில் இருந்தது.

முதல் கட்டுரை இதைப் பற்றித்தான்: வேலைநிறுத்தம் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? எனக்கு இது கைவந்த கலை. காரணங்கள், விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண், அடிக்கோடு. 1873-இன் பொருளாதார வீழ்ச்சி, கூலி வெட்டு, வேலையின்மை என்று எட்டுக் காரணங்கள் எழுதினேன். சி வந்தது. பி.காமில்கூட அப்படியொரு அடி வாங்கியதில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "எட்டும் சரி. இதில் எது இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது?"

இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் சமையலறையில் நின்று யோசித்தபோதுதான் அந்தக் கேள்வியின் கூர் தெரிந்தது. எட்டுக் காரணம் எழுதுவது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற வேலை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பாதையும் அதன் ஓரத்துத் தந்திக் கம்பியும் என்று முடிவு கட்டினேன். கம்பெனிகள் சரக்கை நகர்த்தப் போட்ட அதே பாதையில்தான் செய்தியும் நகர்ந்தது. பஞ்சமும் கூலி வெட்டும் எங்கும் இருந்தன. பாதை போன வழியேதான் வேலைநிறுத்தம் போயிற்று. இது சரிதானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் திருப்பி எழுதிக் கொடுத்ததில் பி கிடைத்தது. அதைவிட, தப்பாகக்கூட ஒரு முடிவுக்கு வரலாம், அதற்கு ஆதாரம் காட்டினால் போதும் என்பது நாற்பத்து மூன்று வயதில் எனக்குப் புதிய செய்தி.

பதினாறு வாரத்தில் ஒன்றரை நூற்றாண்டு. விழுங்கித்தான் ஆக வேண்டும். முதல் உலகப் போர் ஒரே மாலை. 1929 வீழ்ச்சி, நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத 1933, ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாரம். இரண்டாம் உலகப் போருக்கு இரண்டு மாலை. கொரியா கால் மணி நேரம். ராணுவத்திலிருந்து வந்தவர், "என் தாத்தா அங்கே மூன்று வருடம் இருந்தார்" என்று மட்டும் சொன்னார்.

பேராசிரியர் எங்கே நின்று பேசுவார், எங்கே ஓடுவார் என்று பார்ப்பதே ஒரு பாடமாக இருந்தது. பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது, அதை வீட்டில் படித்துவிட்டு வந்துவிட வேண்டும். வகுப்பில் அவர் ஒரு காகிதத்தைக் கொடுப்பார். ஒரு புகைப்படம், ஒரு கடிதம், ஒரு தீர்ப்பின் இரண்டு பக்கம். யார் எழுதியது, யாருக்கு, என்ன வேண்டி, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வார். அவ்வளவுதான் அவர் கற்பித்தல்.

1904 உலகக் கண்காட்சியின் புகைப்படம் ஒன்று அப்படி வந்தது. செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு அந்தக் கண்காட்சி என்றால் ஒரே பெருமை. நகரத்தின் ஃபாரஸ்ட் பார்க் முழுக்க அதன் மிச்சம். நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் விலங்குப் பூங்காவின் பெரிய பறவைக்கூண்டு அதற்காகக் கட்டியதுதான், கலை அருங்காட்சியகமும் அப்படித்தான். அதே கண்காட்சியில் 47 ஏக்கரில் வேலி போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களைக் குடிவைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தீவுகளை அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து வாங்கி, எதிர்த்தவர்களோடு போரிட்டு அடக்கி இரண்டே வருடம் ஆகியிருந்தது. படத்தில் ஒரு பெண்பிள்ளை கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பறவைக்கூண்டுக்குள் நின்று நாங்கள் எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துவிடவில்லை. ஆனால் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை ஞாபகம் வருகிறாள்.

எட்டாவது வாரம் பகத் சிங் திந்த் வந்தார்.

நம் ஆட்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நானும்தான். பஞ்சாபிலிருந்து 1913-இல் வந்து, ஓரிகான் மரஅறுப்பு ஆலைகளில் வேலை பார்த்து, முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். குடியுரிமை கேட்டார். 1790 சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெற 'சுதந்திரமான வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும். 1870-இல் ஆப்பிரிக்க வழிவந்தவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்தார்கள். மற்றவர்கள் வெள்ளையர் என்று நிரூபித்தாக வேண்டும். 1922 நவம்பரில் ஜப்பானில் பிறந்த டக்காவோ ஒசாவாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், நீங்கள் அதில் இல்லை என்று அனுப்பிவிட்டது. சரி, அப்படியானால் நான் உள்ளே வரலாமே என்றார் திந்த். வட இந்தியர்களை அன்றைய இனநூல்கள் காக்கேசியர் கணக்கில்தான் வைத்திருந்தன. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரி 19 அன்று, அதே நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பில், அறிவியல் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், சாதாரண மனிதன் உங்களை வெள்ளையர் என்று நினைக்க மாட்டான் என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நீதிமன்றம் மூன்று மாதத்தில் பேச்சை மாற்றியதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். நானும் சிரித்துக்கொண்டே கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினேன். அது திந்த் தரப்பு வாதத்தின் ஒரு பகுதி. அதில் அவர் உயர்சாதி இந்து, கலப்பில்லாத ஆரிய ரத்தம் என்று வருகிறது. அதற்கும் கீழே, கல்யாண சம்பந்தம் என்று வரும்போது அமெரிக்கர் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் இந்த உயர்சாதி இந்து தன் நாட்டுப் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறது. சாதியை ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி நீட்டியிருக்கிறார்கள். நாங்களும் உங்களைப் போலத்தான், எங்களுக்கும் கீழே ஆள் உண்டு.

சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு. அந்த வாதத்தில் என்னைப் போன்ற கறுத்த தெற்கத்திக்காரிக்கு எந்த இடம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நான் நெளிந்தது அதற்காக மட்டுமில்லை.

விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுவோம். கேட்டு வருகிறவர்களை அப்பா திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். "தம்பிக்கு எந்த ஊரு?" அப்புறம், "ஊருல எந்தத் தெரு?" அப்புறம், "யாரு பிள்ளை நீங்க?" அதிலும் பிடிபடாவிட்டால் கடைசியாக, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுக?" ஒருமுறை பள்ளி வாத்தியார் ஒருவர் மூன்றாவது கேள்வியிலேயே காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். டம்ளரை நான்தான் எடுத்துப்போய்க் கழுவினேன். பதினைந்து வயது எனக்கு. அப்பா நல்ல மனிதர், யாரையும் அதட்டிக்கூடப் பேச மாட்டார். கேள்விகளையும் அதட்டாமல்தான் கேட்டார்.

திந்த் தீர்ப்போடு கதை முடியவில்லை. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படிக் குடியுரிமையும் சொத்துரிமையும் போய், ஊருக்குப் போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டு, 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் மனைவி கலா பகாய் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அவர் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் மனதில் ஒட்டிக்கொண்டது. பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு போய் இறங்கியிருக்கிறார்கள். இவர்கள் நுழையக்கூடாதென்று அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்களாம். இன்று அதே பெர்க்லியில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். திந்துக்கு, முன்னாள் படைவீரர்களுக்கென்று வந்த தனிச் சட்டத்தில் 1936-இல் ஒருவழியாகக் குடியுரிமை கிடைத்தது.

பத்தாவது வாரம் வீட்டுப்பாடம்: உங்கள் வீடோ உறவினர் வீடோ, அதன் பத்திரங்களைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் வீடு நகரத்துக்கு மேற்கே, 1941-இல் கட்டிய சின்னச் செங்கல் வீடு. வாங்கும்போது கொடுத்த காகிதக் கட்டு அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. ஊரில் சொத்து வாங்கினால் வில்லங்கச் சான்று எடுத்து மூலப்பத்திரம் வரை துருவிப் பார்ப்போம். இங்கே வங்கி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். செயின்ட் லூயிஸ் பக்கம் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் இண்டென்சர் என்று ஒரு பொது ஒப்பந்தம் இருக்கும். வேலி எவ்வளவு உயரம், கோழி வளர்க்கலாமா என்றெல்லாம் அதில் வரும். எங்களுடையதில் கோழிக்கு அடுத்த ஷரத்து இது: காக்கேசிய இனத்தவரைத் தவிர வேறு யாருக்கும் இங்கே விற்கவோ வாடகைக்கு விடவோ குடியிருக்கவோ கூடாது. வீட்டு வேலைக்காரர்களாக இருந்தால் தங்கலாம்.

இரண்டு முறை படித்தேன். சமையல்காரியாக இருந்தால் எனக்கு இந்த வீட்டில் இடம் உண்டு.

சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அது எப்பவோ செல்லாமப் போனது. இப்ப எதுக்கு இதைத் தோண்டுற?" என்றார். மகளும் பள்ளியில் அமெரிக்க வரலாறுதான் படித்துக்கொண்டிருந்தாள், தேர்வு வேறு பக்கத்தில். "அம்மா, இது ஷெல்லி கேஸ். பதினாலாவது திருத்தம். 1948" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். நான் 1857, 1885 என்று ஒப்பித்த அதே ராகம்.

ஷெல்லி வழக்கும் எங்கள் ஊர்தான். நகரின் வடபக்கம் லபாடி அவென்யூவில் 1911-ஆம் வருடம் 39 வீட்டுக்காரர்களில் 30 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்: 'நீக்ரோ அல்லது மங்கோலிய' இனத்தவர் யாரும் இங்கே ஐம்பது வருடத்துக்குக் குடியிருக்கக் கூடாது. 1916-இல் நகரமே வாக்கெடுப்பு நடத்தி இனவாரியாகத் தெரு பிரிக்கச் சட்டம் போட்டது. மறுவருடம் கென்டக்கியிலிருந்து போன ஒரு வழக்கில் அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், சட்டத்தின் வேலையைப் பத்திரங்கள் எடுத்துக்கொண்டன. 1930-களில் கூட்டரசின் வீட்டுக்கடன் அமைப்புகளே வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு அடித்தன, இத்தகைய ஷரத்துள்ள மனைகளைச் சிபாரிசு செய்தன. போருக்குப் பிறகு படைவீரர்களுக்கென்று அரசு உத்தரவாதத்தோடு கடன் வந்தது. மிசிசிப்பியில் 1947-இல் எடுத்த ஒரு கணக்கில் அப்படிப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது 2.

அந்த மிசிசிப்பியிலிருந்து ஆறு பிள்ளைகளோடு செயின்ட் லூயிஸுக்கு வந்தவர்கள்தான் ஜே.டி. ஷெல்லியும் எத்தல் ஷெல்லியும். 1945-இல் லபாடியில் வீடு வாங்கினார்கள். ஷரத்து இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களை வெளியேற்றச் சொல்லி அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள், மிசௌரி உச்ச நீதிமன்றம் வெளியேறச் சொன்னது. வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் இந்த வழக்கை விசாரிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் வீடுகளுக்கும் இதே ஷரத்து இருந்திருக்கும் என்று ஊர் பேசியது. மீதி ஆறு பேரும் ஒருமுகமாகச் சொன்னார்கள்: தனியார் தங்களுக்குள் எழுதிக்கொள்ளலாம், அதை நிறைவேற்ற நீதிமன்றம் கை கொடுக்க முடியாது, கொடுத்தால் அது, சட்டத்தின் சமமான பாதுகாப்பை அரசு யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற பதினான்காம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு விரோதம்.

பதினான்காம் திருத்தம் வந்தது 1868-இல். என் பாடத்தில் இல்லாத வருடம்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இன்னொன்றையும் பார்த்தேன். ஷெல்லி தீர்ப்புக்குப் பிறகும் வீடு கட்டி விற்பவர் முகத்துக்கு நேரே மறுக்கலாம். ஜோன்ஸ் என்ற தம்பதி எங்கள் செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியிலேயே புதிய மனைப்பிரிவு ஒன்றில் வீடு கேட்டார்கள், நிறத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். 1968 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது எந்தச் சட்டத்தை எடுத்தது தெரியுமா? 1866-இன் குடிமை உரிமைகள் சட்டத்தை. சொத்து வாங்குவதிலும் விற்பதிலும் வெள்ளையருக்குள்ள உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று அன்றைக்கே எழுதிவைத்திருந்தார்கள். 102 வருடம் அது புத்தகத்தில் சும்மா கிடந்தது.

இறுதிக் கட்டுரைக்கு நாங்களே தலைப்பு எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பாடத்தை 1877-இல் வெட்டியது தவறு என்று எழுதினேன். வெட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் வாக்குறுதி, இந்தப் பக்கம் வசூல். இரண்டையும் வேறு வேறு வகுப்பில் வைத்தால், 1948-உம் 1968-உம் யாரோ நல்ல நீதிபதிகள் திடீரென்று மனமிரங்கிக் கொடுத்தது போலத் தெரிகிறது. கணக்கியல் படிக்கிறவளுக்கு இது எளிது. நிலுவையை முன்பக்கத்திலிருந்து கொண்டுவராமல் புதிய பக்கத்தைத் தொடங்கினால், அப்புறம் எத்தனை கூட்டினாலும் கணக்கு நேராகாது.

முதல் படியைப் படித்த பக்கத்து இருக்கைப் பெண் ஒன்று சொன்னாள். அவளுடைய பாட்டி புரூயிட்-ஐகோவில் குடியிருந்தவராம். 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, 1954-இல் ஆள்கள் குடிவந்து, 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கிய அரசுக் குடியிருப்பு. "டிவியில் அது இடிவதை மட்டும்தான் காட்டுவார்கள். பாட்டி முதல் நாள் குழாயைத் திறந்து சுடுதண்ணீரைப் பார்த்து அழுததை யாரும் காட்ட மாட்டார்கள். அவர்களும் எங்கிருந்து வெட்டுவதென்று தேர்ந்தெடுக்கிறார்கள்." என் நாலு பக்கத்தில் இல்லாதது அந்த மூன்று வரியில் இருந்தது. அவளிடம் அனுமதி கேட்டுக் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் 1965-ஐ எழுதினேன், அது வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. 1946 சட்டத்தில் இந்தியர்களுக்குக் கிடைத்த இடம் வருடத்துக்கு 100. அதை உடைத்தது 1965 அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையடியில் உட்கார்ந்து கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அதே ஜான்சன், அதே நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அந்த வருடம் மார்ச்சில் அலபாமாவின் செல்மா பாலத்தில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போய் அடிவாங்கிய கூட்டத்தில் நம்மவர் விசாவுக்காகப் போனவர் யாருமில்லை. ஆனால் உள்நாட்டில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, வாசலில் மட்டும் இனம் பார்த்து ஆள் எடுக்க முடியாமல் போனதால்தான் அந்தக் கதவு திறந்தது.

"நாம நம்ம படிப்பால வந்தோம்" என்றார் இவர். கோபமாக இல்லை, ஆனால் அழுத்தமாக. கிரீன் கார்டுக்காகப் பன்னிரண்டு வருடம் வரிசையில் நின்றவர். எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற விதியைத் திட்டாத வாரம் இருந்ததில்லை.

"படிப்பாலதாங்க. ஆனா 1960-ல இதே படிப்பை வெச்சுக்கிட்டு யாரு வந்தா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ எழுதுறத எழுது" என்றார். மறுநாள் காலை காப்பி ஆற்றும்போது, "அந்த திந்த் கேஸ் லிங்க் இருந்தா அனுப்பு" என்றார்.

கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு, அந்த வாத்தியாரின் காப்பி டம்ளர். ஆதாரமாக ஒரு காகிதமும் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் மாடிக்கு ஷரத்து எழுதிய பத்திரம் கிடையாது. எழுதவேண்டிய அவசியமே இருந்ததில்லை. எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பதினாறு வாரம் கேட்டவர், என் கட்டுரையில் அதைக் கேட்கவில்லை. ஏ மைனஸ் போட்டிருந்தார்.

மதிப்பெண் வந்த சனிக்கிழமை லபாடி அவென்யூவுக்குத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனேன். டெல்மார் சாலையைத் தாண்டி வடக்கே போகப் போக வீடுகளுக்கு நடுவே வெற்றிடங்கள் வருகின்றன. பல் விழுந்த வாய் மாதிரி, நல்ல செங்கல் வீடு ஒன்று, அடுத்து புல் மண்டிய இரண்டு மனை, அப்புறம் கூரை இறங்கிய ஒன்று. ஷெல்லி வீடு நிற்கிறது. இரண்டு மாடி, செங்கல். 1990-இல் அதை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். யாரோ வாழும் வீட்டைப் படமெடுக்கக் கூச்சமாக இருந்தது. எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் வயதான கறுப்பின அம்மா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து, மெல்லப் படியிறங்கி, காருக்குப் பக்கத்தில் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். தலையாட்டினார். காலியாகக் கிடந்த மனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்கே வீடு வாங்கப் பார்க்கிறாயாம்மா?" என்றார்.